தண்ணீர்க் கட்டத்துக்கு ஒரு தாளம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறீர்களா? உங்கள் அம்மா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்லியிருப்பார்கள். கேட்டுவிட்டேன். இனி என் விஷயம்.

உங்கள் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது. நேரில் வரலாமென்றால், "அந்த வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று என்னை வேலைக்கு அனுப்பிய நர்ஸ் ஏஜென்சிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். தபாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இப்போது என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

உங்கள் மாமா எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட புகாரின் நகலை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் அம்மாவின் விரல் மானிட்டருடைய சத்தத்தை அணைத்துவிட்டு ஊர் சுற்றப் போனேனாம். அந்த நேரத்தில் கழுத்துக் குழாயில் சளி அடைத்து அம்மா போய்விட்டார்களாம். ஊர் சுற்றவா போனேன்? மருந்துக் கடை வரிசையில் நின்றேன். சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது.

ஜனவரி 22 காலையை வேலை நோட்டில் எழுதுவதுபோலவே எழுதுகிறேன். 10.35, சளி உறிஞ்சி எடுத்தேன், கொஞ்சம்தான் வந்தது. 10.40, கிளம்பினேன். மானிட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினேன். 11.25, திரும்பினேன். திரையில் எண்கள் சிவப்பாக மின்னின. சத்தம் இல்லை. நீங்கள் அடுத்த அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். மீதி உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 9 விசாரணை. என் நர்ஸ் பதிவை ரத்து செய்துவிட்டால் பத்தொன்பது வருஷ வேலை அன்றோடு சரி. பிறகு எந்த வீட்டிலும் என்னை ஒரு ஊசி தொட விடமாட்டார்கள். நீங்கள் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்: அக்கா கிளம்பும்போது மானிட்டர் சத்தம் வந்துகொண்டிருந்தது. பொய் எழுதச் சொல்லவில்லை. உங்கள் காதில் விழுந்ததை எழுதச் சொல்கிறேன்.

நர்ஸ் அக்கா


மார்ச் 13

அக்கா,

கடிதம் வந்து நாலு நாள் மேசையில் கிடந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ மருந்துச் சீட்டு என்று நினைத்துப் பிரிக்காமல் விட்டுவிட்டேன். உங்களுக்கு டாக்டர் கையெழுத்து, எப்போதும் சொல்வேனே.

அம்மாவின் கட்டிலை வாடகைக்கு விட்டவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் நாலு சக்கரத் தடம் இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. உங்கள் நீல ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இதோடு அனுப்புகிறேன்.

புகார் மாமாவின் வேலை. "நீ சும்மா கையெழுத்தைப் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றைக்கு அவர் சொத்தை எழுதிக் கொடு என்றாலும் கொடுத்திருப்பேன். அப்படித்தான் இருந்தது என் மண்டை.

நீங்கள் கேட்ட அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன். காதில் ஹெட்போன். என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா? குறுக்கே நாலு கேள்வி கேட்டால் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டு வேலையை மூட்டைகட்டி வைத்துவிட்டேன். டிங்டிங் டிபார்ட்மென்ட் என்று கிண்டல் செய்வீர்களே, அந்த டிபார்ட்மென்ட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை.

அரைபேட்டரி


மார்ச் 24

தம்பிக்கு,

ஸ்வெட்டர் வந்தது. துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். எட்டு மாதத்தில் நீங்கள் ஒரு கைக்குட்டை துவைத்து நான் பார்த்ததில்லை. அதைக் கண்டதும் எனக்குப் பயம்தான் வந்தது.

பதிமூன்றாம் தேதி பூட்டு என்கிறீர்கள். பதினெட்டாம் தேதி போட்டியில் இரண்டாம் பரிசு. எதற்கும் சார்ஜ் போட மறக்கிற உங்களுக்கு அம்மா வைத்த பட்டப்பெயர் அரைபேட்டரி. அதே பெயரில்தானே அந்தத் தளத்தில் பாட்டு ஏற்றுகிறீர்கள்? பழைய வீடியோ கேம் பாட்டுகளைப் பிரித்துப் போட்டு, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் புதிதாகக் கட்டி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிற கூட்டம் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கும் அதில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தீர்கள். உங்கள் பாட்டுக்கு முதல் லைக் எப்போதும் என்னுடையது. அதைக்கூடவா மறந்துபோனீர்கள்?

இந்தத் தடவை நாலாம் கட்டத்தின் பாட்டு. கடலுக்கடியில் இறங்குகிறவன், காற்று தீர்வதற்குள் சாவியைத் தேடி எடுக்க வேண்டிய தண்ணீர்க் கட்டம். நீங்கள் விளையாடும்போது அம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் பையனை முதல்ல மேல கூட்டிட்டு வாடா" என்று பதறுவார்களே, அதே கட்டம். அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு மூச்சு ஓடுகிறது.

கேட்கிறவர்கள் அது ஏதோ கம்ப்யூட்டரில் செய்தது என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரியாதா? மூச்சை விடும்போது கடைசியில் மெலிதாக ஒரு விசில். அம்மாவின் பழைய மூச்சு மிஷினுக்கு அது கிடையாது. பழைய மிஷின் பழுதாகி, ஜனவரி 21ஆம் தேதி சாயங்காலம் மிஷின்காரர் கொண்டுவந்து வைத்த மாற்று மிஷினுக்குத்தான் விசில். 22 சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மிஷின் நம் வீட்டில் ஓடியது ஒரே ஒரு நாள். அந்த நாளில் நீங்கள் ஒலிப்பதிவு செய்திருக்கிறீர்கள். உங்கள் பாட்டில் அந்த மூச்சுக்கு நடுவே மானிட்டரின் டிக் இல்லை.

ஏன் இல்லை, தம்பி? இந்த மிஷினில் தனியாக அலாரம் கிடையாது, விரல் மானிட்டர்தான் காவல் என்று மிஷின்காரர் நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னாரே.

பாட்டின் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள், இந்தத் தாளத்தில் உயிர் இருக்கிறது என்று. அதைப் படித்துவிட்டு மறுபடி பாட்டைக் கேட்டேன். பிறகு மூன்று நாள் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. காரணத்தை இப்போது எழுத மாட்டேன்.

அந்த ஒலிப்பதிவு எனக்கு வேண்டும். முழுதாக.

நர்ஸ் அக்கா


மார்ச் 28

அக்கா,

வேவு பார்க்கிறீர்களா? எட்டு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டீர்கள், சரி. அதற்காக என் தலைமேலும் ஏறி உட்கார வேண்டுமா? என்ன சாப்பிட்டேன், எப்போது பாட்டுப் போட்டேன், எதற்குத் துணி துவைத்தேன் என்று எல்லாவற்றுக்கும் நோட்டுப் போடுவீர்களா? பெற்றவளைப் பறிகொடுத்தவன் நான். நீங்கள் அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வீட்டில் வேறு தாள் இல்லை.

கவருக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. நாலு நிமிஷப் பதிவு. உங்கள் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது: "மானிட்டர் ஓடுது தம்பி, ஒரு அரை மணில வந்துடறேன், அம்மாவைப் பாத்துக்கோங்க." நான் "ம்ம்" என்கிறேன். கதவு சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகும் டிக் டிக் என்று மானிட்டர் ஓடுகிறது. இதைப் போட்டுக் காட்டுங்கள், உங்களை யாரும் அசைக்க முடியாது.

இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை அழித்துவிட்டேன். இனி எனக்கு எழுதாதீர்கள்.


ஏப்ரல் 2

தம்பிக்கு,

எழுதாதீர்கள் என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உங்கள் மாமாவா?

அண்ணனின் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். இது என்னைக் காப்பாற்றிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பென் டிரைவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன். தம்பி எப்படிப் போனால் எனக்கென்ன என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் மிஷின்காரர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க மேல தப்பு இல்லைன்னு ஆச்சுன்னா அடுத்தது என் தலைதாம்மா. மிஷினும் நான் வெச்சது, மானிட்டரும் நான் வெச்சது. தானா அணைஞ்சு போச்சுன்னு எழுதிட்டாங்கன்னா என் பொழப்புல மண்ணுதான்" என்றார். பேசும்போது கையில் ஒரு சின்னத் திருப்புளியை உருட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பையில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீதியை அழித்துவிட்டேன் என்கிறீர்கள். உடைந்த மைக்கின் கரகரப்பைக்கூட எதற்காவது ஆகும் என்று சேர்த்துவைக்கிற ஆள் நீங்கள். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? மானிட்டரை யார் அணைத்தது என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். பாட்டில் மூச்சுக்கு மேலே ஒரு தாளம் வருகிறதே, டக் டக், கொஞ்சம் இடைவெளி, டக். அது எப்படி வந்தது? அதையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

நர்ஸ் அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

முழுப் பதிவு இதில் இருக்கிறது. நாற்பத்து மூன்று நிமிஷம். விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதமும் தனியாக வைத்திருக்கிறேன், கையெழுத்தோடு. மானிட்டர் சத்தத்தை அணைத்தது நான்.

மாற்று மிஷினின் அந்த விசிலைக் கேட்டதிலிருந்தே எனக்குக் கை பரபரத்தது. தண்ணீர்க் கட்டத்துக்கு அதைவிட நல்ல சத்தம் கிடைக்காது. பழைய கேம்களில் ஒரே சமயத்தில் மூன்று நாலு ஒலிகள்தான் எழும். அதற்குள்ளேயே தண்ணீர், பயம், அவசரம் எல்லாம் காட்டியிருப்பார்கள். அதன் அடியில் ஒரு நிஜ மூச்சை வைக்க வேண்டும் என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிளம்பக் காத்திருந்தேன். நீங்கள் இருந்தால் விடமாட்டீர்கள்.

நீங்கள் சொல்லிக்கொண்டு போகும்போதே பதிவை ஓடவிட்டிருந்தேன். கதவு சாத்தியதும் மைக்கைக் கட்டில் கம்பியில் கிளிப் போட்டு மாட்டி, நீள வயரை என் அறைக்கு இழுத்தேன். டிக் டிக் மூச்சின் மேலேயே விழுந்தது, பிரித்தெடுக்க வழியில்லை. ஐந்து நிமிஷம் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சிமிட்டினார்கள்.

தாளம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான் போட்டதே இல்லை அது. கொஞ்ச நேரத்தில் மிஷினில் ஏதோ தகடு தளர்ந்து ஆட ஆரம்பித்தது. நான் கம்ப்யூட்டரில் அமைக்கிற தாளமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். இது கொஞ்சம் முந்தியது, கொஞ்சம் பிந்தியது. ஹெட்போனில் அதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இன்னும் நன்றாக விழட்டும் என்று ஒலியைக் கூட்டினேன். எட்டு விநாடி வெட்டியெடுத்துச் சுழலவிட்டு, நாலாம் கட்டத்தின் மெட்டை அதன்மேல் வைத்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. அதில் மானிட்டரை மறந்துபோனேன். நீங்கள் வந்து என் தோளைப் பிடித்து உலுக்குகிறவரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. மாமாவிடமும் சொல்ல முடியாதது இதுதான்.

பிப்ரவரி முழுக்க அந்தப் பாட்டைத்தான் செய்தேன். செய்கிற நேரத்தில் மட்டும் எதுவும் நினைவுக்கு வராது.

அம்மா தூக்கத்திலேயே போயிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. அறிக்கையின் நகல் உங்களுக்கும் வரும். அதில் இருக்கிற ஒரு விஷயத்தை நீங்கள் தட்டச்சு செய்த தாளில் படிக்கக் கூடாது. அதற்காகத்தான் இன்றைக்கே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்கள். பிறகு ஒலிப்பதிவைப் போட்டார்கள். அந்தத் தட்டல் ஆரம்பித்ததும் நடுவில் இருந்தவர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. இது என்ன, தகடு ஆடுதா?" என்று மிஷின்காரரைப் பார்த்தார். "ஆட்டம் காணுற மிஷினையா ஒரு நோயாளிக்கு மாட்டிட்டு வந்தீங்க?" அவர், "இல்ல சார், ஒவ்வொரு திருகையும் நானே முடுக்கினேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. என்னிடம், "உங்க பதிவுக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க போகலாம்" என்றார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கதவுவரைக்கும் போனேன். நல்லவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள், கைப்பிடியைக்கூடத் திருகிவிட்டேன். பின்னால் அந்த மனிதர் இன்னும் திருகைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன்.

அது தகடு இல்லை, தம்பி. கடைசி வாரத்தில் அம்மாவால் கூப்பிடு மணியைத் தூக்க முடியவில்லை. வலது கையில் மோதிர விரல் மட்டும் அசைந்தது. மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டச் சொன்னேன். இரண்டு, நிறுத்தி ஒன்று. வா என்று அர்த்தம். ஜனவரி 17ஆம் தேதி உங்கள் மேசையில் டீயை வைத்துவிட்டு உங்களிடமும் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். காதில் ஹெட்போன் இருந்தது. எனக்குக் கையில் வேலை இருந்தது, திரும்பச் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. அது என் பங்கு. அதையும் குழுவிடம் சொன்னேன்.

உங்கள் பாட்டை முதல்முறை கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மிஷின்காரரைப் பலி கொடுத்தால்தான் அது நடக்கும் என்று ஆகிவிட்டது.

அவர் தப்பினார். எனக்கு ஆறு மாதம் பதிவு நிறுத்தம், நோட்டில் எழுதாததற்கு. டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பிடுங்கியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பாட்டை இறக்கிவிடுங்கள்.

நர்ஸ் அக்கா


மே 19

அக்கா,

கடிதம் வந்த அன்றே இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. போலீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூப்பிடும்போது வா என்று அனுப்பினார்கள். மாமா பேசுவதில்லை.

பாட்டை இறக்கிப் பயனில்லை. அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. பரிசு வாங்கினவர்கள் பாட்டில் உபயோகித்த ஒலிகளைத் தனித்தனியாகப் பொதுவில் வைக்க வேண்டும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. நாங்கள் எல்லோருமே அப்படி ஒருவர் சத்தத்தை ஒருவர் எடுத்து வளர்ந்தவர்கள்தான். பரிசு அறிவித்த அன்றே அந்த எட்டு விநாடியையும் வைத்தேன். ஆடும் தகடு என்று பெயர் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள்.

இதுவரை முப்பத்தொரு பாட்டில் கண்டுபிடித்திருக்கிறேன். கார் பந்தயக் கேம் பாட்டு ஒன்றில் வேகமாக ஓடுகிறது. தூங்க வைக்கிற இசை என்று ஒருவர் போட்டதில் மெதுவாக வருகிறது. உடற்பயிற்சி வீடியோ ஒன்றில் அதற்குக் கையைத் தட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதினேன். காரணம் சொல்லாவிட்டால் சிரிக்கிறார்கள், சொன்னால் மிரண்டுபோய் எடுத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும், என் பாட்டில் உருப்படியாக இருப்பதே அதுதான், மன்னிக்கவும் என்று எழுதினார். அவர் சொன்னது பொய் இல்லை. பத்தொன்பது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் எத்தனையோ.

முழுப் பதிவையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்டேன். உங்களுக்கு அனுப்பும்போதுகூடக் கேட்கவில்லை, வெட்டின இடத்தைத் தாண்டிப் போனதே இல்லை. இரண்டு, ஒன்று என்று பதினேழு முறை வருகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலு தட்டு, சீராக, அவசரமில்லாமல். அவ்வளவுதான், பிறகு மிஷின் மட்டும்.

நாலுக்கு என்ன அர்த்தம்? உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

தம்பி


மே 27

தம்பிக்கு,

தெரியாது என்று ஒரு கடிதம் எழுதி ஒட்டியும்விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று இத்தனை நாள் உங்கள் உயிரை வாங்கியவள் நான்.

நாலு என்றால் போதும். சளி எடுக்கும்போது வலித்தால் அம்மா அப்படித் தட்டுவார்கள், நான் நிறுத்திவிடுவேன். வா, போதும், இந்த இரண்டுதான் எங்களுக்குள் இருந்தது. மூன்றாவது ஒன்று சொல்லிக்கொடுப்பதற்குள் நாள் முடிந்துவிட்டது. அந்த நாலை அம்மா யாருக்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களைத் தேற்றுவதற்காக இப்படி எழுதவில்லை. நிஜமாகவே தெரியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்டோபர்வரை எனக்கு வேலை கிடையாது. தேட வேண்டிய பாட்டுகளில் பாதியை எனக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை சத்தத்துக்கு அடியில் புதைத்திருந்தாலும் அம்மா தட்டுவது எனக்குக் கேட்கும்.

நர்ஸ் அக்கா